பலாலியிலிருந்து சென்னை: 355 கிலோமீற்றருக்கு எத்தனை மணித்தியாலம்?

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? சிகிச்சைக்குப் புறப்படுபவர்களும் புலம்பெயர்ந்த உறவினரைச் சந்திக்கச் செல்பவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். இங்கு வந்துபோவது 70 பேரளவில் ஏற்றும் ஏ.ரி.ஆர். விமானம். அது மணிக்குச் சுமார் 500 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். அப்படிப் பார்த்தால் முக்கால் மணித்தியாலம் போதும். ஓடுபாதைக்கு நகர்வது, மேலெழுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் மணித்தியாலமாகிறது. திருச்சி இன்னும் கிட்ட: சுமார் 185 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்குள்.

பலாலியில் சேவை இல்லாவிட்டால் கட்டுநாயக்கவுக்குப் போகவேண்டும். இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலமளவு தெற்கே போய், மூன்று மணித்தியாலம் காத்திருந்து, அங்கிருந்து சுமார் 645 கிலோமீற்றர் வடக்கே பறக்கவேண்டும். வடக்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் தெற்கே போகும் பயணம் இது. அரைநாளுக்கு மேல் அதிலேயே போய்விடும்.

பழைய காலத்தில் இப்படி இருக்கவில்லை. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பின்னர் யுத்தம் வந்தது. 1990இல் பலாலியைச் சூழவிருந்த கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. தரைப்பாதை அடைபட்ட காலங்களில் கொழும்புக்குப் போவதற்கே ‘கிளியரன்ஸ்’ எடுத்து, கப்பலுக்கோ விமானத்துக்கோ காத்துக்கிடந்தோம். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் போய்ச்சேரவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது.

2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11 அன்று அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12 அன்றுதான் மீண்டும் வந்தது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. சேவைகள் இடைக்கிடை மாறுவதால், வைத்தியசாலையில் நாள் குறிக்கமுன் விமானம் எந்தெந்த நாளில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய விசாவுக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

கண் காட்டுவதற்காக அம்மாவை இந்த விமானத்தில்தான் கூட்டிச்சென்றேன். அவர் பிறந்தது வயாவிளானில், ஓடுபாதைக்குக் கிட்ட. 1990இல் வெளிக்கிட்டவர். விமானம் எழும்பியதும் யன்னலோரம் சாய்ந்து, “எங்கட காணி எந்தப் பக்கம் தம்பி?” என்று கேட்டார். நான் தேடிச் சொல்வதற்குள் கீழே கடல் வந்துவிட்டது.

சென்னைக்கு ஒன்றேகால் மணித்தியாலம் என்று இப்போது எல்லோருக்கும் உறுதியாகச் சொல்கிறேன். பலாலியிலிருந்து சில நிமிட நடைதூரத்தில் இருக்கும் அம்மாவின் வளவுக்குப் போக எவ்வளவு காலமாகும் என்று கேட்டால் மட்டும் என்னிடம் பதிலில்லை.