உறுத்தல் மட்டும் முத்தாகாது

முத்துநகரில் படித்த நமக்குச் சிப்பிக் கதை சொல்லாத பெரியவர்கள் உண்டா? "மண்ணு உறுத்துனாத்தாம்லே சிப்பியில முத்து. கஷ்டப்படு, நீயும் முத்தா வருவே!" விடுதியில் என் அறைத்தோழன் மூன்றாம் ஆண்டில் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் குறைந்து சுவரைப் பார்த்துக் கிடந்தபோது, நானும் இதையேதான் சொன்னேன். அவன் இறுதித் தேர்வு எழுதாமலே ஊருக்குப் போய்விட்டான்.

பிறகு விலங்கியல் வாத்தியாரான நான் இந்த விஷயத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1936-இல் ஹான்ஸ் செல்யே, எலிகளை ஆராய்ந்து 'நேச்சர்' இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார்: குளிரோ, காயமோ, மருந்தோ, எது தாக்கினாலும் உடல் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் தவிக்கிறது. மன அழுத்த ஆராய்ச்சிக்கு அதுவே பிள்ளையார் சுழி.

இன்னொரு பக்கம், நரம்பு செல்களை வளர்க்கும் புரதத்தைக் கண்ட ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே குடும்பத்துப் புரதம் ஒன்று 1982-இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சுருக்கப் பெயர் பி.டி.என்.எஃப். மூளைக்கு அது உரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1995-இல் இரண்டு பாதைகளும் சந்தித்தன. அழுத்தத்துக்கு ஆளான எலிகளில், நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் இந்த உரம் குறைந்தது. மனச்சோர்வு மருந்துகள் அதைக் கூட்டின.

அடுத்த அத்தியாயம் நம் நாட்டில். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழுவினர் எலிகளைத் தினம் 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்தார்கள். ஹிப்போகாம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின; அச்சத்தின் இருப்பிடமான அமிக்டலாவிலோ வளர்ந்தன. இது 2002-இல். 2006-இல், உரம் கூடுதலாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளில் சோர்வு குறைந்தது, பயமோ கூடியது! 2012-இல் இன்னொன்று தெரிந்தது: அழுத்தம் நின்று 21 நாள் ஓய்வுக்குப் பின் ஹிப்போகாம்பஸில் உரம் பழைய அளவுக்கு வந்தது, அமிக்டலாவில் ஏறியது இறங்கவில்லை.

எலிக்குள்ளதெல்லாம் மனிதனுக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும், 'சோம்பேறி' என்று நாங்கள் கேலி செய்தவனுக்கு உண்மையில் உடம்புக்கே முடியாமல் இருந்திருக்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லையே!

சிப்பிக் கதையும் பாதிதான் உண்மை. 1973-இல் நம்ம தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து உண்டாக்கினார்களே, எப்படி? வெறும் மணியை வைத்தால் முத்து வராது. இன்னொரு சிப்பியின் மேலுறைச் சதையில் ஒரு துண்டைக் கூடவே வைக்க வேண்டும். பூச்சைச் சுரப்பது அதுதான். பிறகு சிப்பியை அமைதியான நீரில் தேற விடுகிறார்கள்.

இன்று விடுதியில் இருக்கும் தம்பி, தங்கைகளே! பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இப்படிச் சுருண்டு கிடந்தால் சிப்பிக் கதை சொல்லாதீர்கள். "சாப்டியாலே? வா, டாக்டர்ட்ட போயிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.