காசு தீர்ந்தா கதவைச் சாத்து

அமெரிக்க அரசு அலுவலகங்கள் அப்பப்போ இழுத்து மூடப்படுதே, ஏன்? காரணத்தைத் தேடிப்போன நான் 1870-ல போய் நின்னேன். அப்போல்லாம் துறைகள் வருஷத்துப் பணத்தைச் சில மாசத்துலயே காலி பண்ணிட்டு, கடனோட வந்து நிக்கும். வேற வழியில்லாம காங்கிரஸ் கூடுதலா கொடுக்கும். அந்த வருஷம் சட்டம் வந்தது: ஒதுக்கினதுக்கு மேல செலவும் கூடாது, ஒப்பந்தமும் கூடாது. 1905-ல் தண்டனையும் சேர்ந்தது.

1980-ல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கீடே இல்லைன்னா வேலையும் நிக்கணும்னு விளக்கம் கொடுத்தார். மே 1 அன்னைக்கு ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒருநாள் மூடிச்சு. 2018-19-ல் 35 நாள் முடக்கம்!

அதிகாரிகளுக்குப் போட்ட கடிவாளம். சம்பளமில்லாம காத்திருந்தது சாதாரண ஊழியர்கள். ஆனாலும் அது இல்லைன்னா, பட்ஜெட்டுக்கு ஓட்டெடுப்பு நடத்துறதே சும்மா சடங்குதான்னு எனக்குத் தோணுது.