முதுகெலும்பிகளின் குடல் நடுமடிப்பு

குடலை முதுகுப்புற உடற்சுவரோடு இணைக்கும் இரட்டைச் சவ்வு நடுமடிப்பு எனப்படும். கருவில் குடலின் இருபுறமும் தோன்றும் உடற்குழிகள் விரிந்து நடுக்கோட்டில் நெருங்குகின்றன. அவற்றின் சுவர்கள் குடலுக்கு மேலும் கீழும் ஒட்டி, முதுகுப்புற மடிப்பும் வயிற்றுப்புற மடிப்பும் உருவாகின்றன. தமனி, சிரை, நரம்பு, நிணநாளம் அனைத்தும் முதுகுப்புற மடிப்பின் இரு படலங்களுக்கு இடையேதான் குடலை அடைகின்றன. குடலைத் தாங்குவதோடு இவற்றுக்கு வழிவிடுவதும் இதன் முக்கியப் பணி.

தாடையற்ற மீன்கள் இதற்குத் தெளிவான சான்று. ஹாக்மீனில் முதுகுப்புற மடிப்பு குடலின் முழு நீளத்துக்கும் இருக்கிறது. வளர்ந்த லாம்ப்ரேயில் அது பெரும்பாலும் மறைந்துவிட, இரத்தக்குழாய்கள் செல்லும் சில இழைகள் மட்டும் எஞ்சுகின்றன. சுறாவிலும் இதே போக்குதான். முன்பகுதி மடிப்புக்கும் மலக்குடல் மடிப்புக்கும் நடுவே சவ்வே இல்லாத இடைவெளி உண்டு. அந்த இடைவெளியின் முன்விளிம்பை ஒட்டி முன் குடல் தமனியும், பின்விளிம்பில் மலக்குடல் சுரப்பிக்குச் செல்லும் பின் குடல் தமனியும் ஓடுகின்றன. சவ்வு அழிந்தாலும் குழாய் செல்லும் ஓரம் அழிவதில்லை.

வயிற்றுப்புற மடிப்பில் பெருந்தமனியிலிருந்து குடலுக்கு வரும் கிளைகள் இல்லை. நுரையீரல் மீன்கள் போன்ற சிலவற்றில் அது நீளமாக நிலைத்தாலும், பெரும்பான்மையான முதுகெலும்பிகளில் கல்லீரலை ஒட்டிய பகுதி மட்டுமே மிஞ்சுகிறது. பறவைகளில் அரைவைப்பை வரையிலும் நீள்கிறது.

பாலூட்டிகளில் இரைப்பையின் முதுகுப்புற மடிப்பு பையாக நீண்டு, குடல்களுக்கு முன்னே கொழுப்புத் திரையாகத் தொங்குகிறது, இதுவே பெருவபை. ஆடு மாடுகளில் பெருங்குடலின் சுருள் முழுதும் மடிப்புக்குள்ளேயே தட்டுப்போல் அடங்கியிருக்கும். நாயின் பெருங்குடல் மடிப்பில் தளர்வாகத் தொங்கும். மனிதனில் ஏறு குடலும் இறங்கு குடலும் தம் மடிப்போடு பின்சுவரில் ஒட்டிவிடுகின்றன. இதை நிமிர்ந்த நடைக்கு ஏற்ற அமைப்பாகக் கருதுவதுண்டு.

1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பாரோ அசெல்லி, உணவுண்ட நாயின் வயிற்றைத் திறந்தபோது குடல் நடுமடிப்பில் வெண்ணிற இழைகளைக் கண்டார். முதலில் நரம்புகள் என்றே எண்ணினார். வெட்டியதும் பால்போன்ற நீர் கசிந்தது. கொழுப்பை ஏந்திச்செல்லும் நிணநாளங்கள் அறியப்பட்டது இவ்வாறுதான். அவரது நூல் மறைவுக்குப் பின் 1627இல் வண்ண மரச்செதுக்குப் படங்களுடன் வெளிவந்தது. உடற்கூற்றியலில் அதுபோன்ற வண்ண அச்சு அதற்குமுன் வந்ததில்லை.

மனித நடுமடிப்பு தொடர்ச்சியான ஒரே உறுப்பு என்பதை அயர்லாந்தின் லிமரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்வின் காஃபி 2016இல் வகுத்துரைத்தார்.