கண்ணாடிக் கடுதாசிக்குள்ள கிளிசரீன்

செலோபேன் எண்டவுடனே எங்கட ஆக்களுக்கு ஞாபகம் வாறது, பரிசுப்பொருள் சுத்துற, கசக்கினால் சரசரக்கிற அந்தக் கண்ணாடிக் கடுதாசிதான். ஆனால் இண்டைக்கு அந்தப் பேரில் விக்கிறதில் கனக்க உண்மையான செலோபேன் இல்லை, பொலிப்புறப்பிலீன். சந்தேகம் எண்டால் ஒரு சின்னத் துண்டைக் கொளுத்திப் பாருங்கோ. பிளாஸ்டிக் உருகிச் சுருளும். செலோபேன் கடுதாசி மாதிரி எரியும். ஏனெண்டால் அது கடுதாசிக்குச் சொந்தக்காரன். இரண்டும் மரக்கூழில் இருக்கிற செலுலோசுதான்.

இதைக் கண்டுபிடிச்சவர் ஜாக் பிரான்டன்பெர்கர், சுவிற்சர்லாந்துக்காரர். பிரான்சில் ஒரு துணி ஆலையில் இரசாயனவியலாளராக இருந்தவர். 1900 அளவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் யாரோ மேசை விரிப்பில் வைனைக் கொட்ட, கறை பிடிக்காத துணி செய்யலாமே எண்டு யோசிச்சார் எண்டு கதை. துணியில் விஸ்கோஸ் கரைசலைப் பூசிப் பார்த்தார். துணி விறைச்சுப் போச்சு, ஒண்டுக்கும் உதவாது. ஆனால் மேலே பூசினது மட்டும் தெளிந்த தாள் மாதிரி உரிஞ்சு வந்தது. அதைத் தொடர்ச்சியான சுருளாக எடுக்கிற இயந்திரத்தைச் செய்து முடிக்க ஒரு பத்து வருசத்துக்கு மேலே போயிட்டுது. 'செலுலோஸ்', ஒளி ஊடுருவும் எண்ட கருத்துள்ள 'டியாஃபான்' எண்ட பிரெஞ்சுச் சொல், இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பேர்.

விஸ்கோசைப் பற்றியும் ஒரு விசயம் சொல்லவேணும், கன கட்டுரைகளில் இது வாறதில்லை. செலுலோசைக் கரைக்கிறதுக்குக் காபனிருசல்பைட்டு வேணும். அது ஆக்களின்ர நரம்பையும் மனநிலையையும் கெடுக்கும் எண்டதைப் பாரிசில் டெல்பெக் எண்ட வைத்தியர் 1850-களிலேயே இறப்பர்த் தொழிலாளர்களைப் பார்த்து எழுதி வைச்சிருந்தார். விஸ்கோஸ் முறைக்குக் காப்புரிமை எடுத்தது 1892-இல். அதாவது, தெரிஞ்சுகொண்டுதான் அந்தத் தொழிற்சாலைகளைத் திறந்தவை.

பிரான்டன்பெர்கருக்கு இருந்த அடுத்த சிக்கல், தாள் காய்ஞ்சால் நொறுங்கும். செலுலோசுச் சங்கிலிகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒண்டையொண்டு இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறபடியால், வளைச்சால் வழுக்கி இடம் விடாமல் உடைஞ்சு போகும். இதுக்கு மருந்தாக வந்தது கிளிசரீன். அந்தச் சின்ன மூலக்கூறு சங்கிலிகளுக்கு நடுவில போய்க் குந்திக்கொண்டு, செலுலோசு தன்ர பக்கத்துச் சங்கிலியைப் பிடிக்கிற இடங்களைத் தான் பிடிச்சுக்கொள்ளும். சங்கிலிகள் கொஞ்சம் விலகும், தாள் வளையும். இப்படிப்பட்ட பொருளைத்தான் பிளாஸ்டிசைசர் எண்டு சொல்லுறது. தண்ணியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது ஆவியாகிப் போயிடும். கிளிசரீன் போகாது. அதோட காத்தில் இருக்கிற ஈரத்தையும் தன்னட்ட இழுத்து வைச்சிருக்கும்.

(பிளாஸ்டிசைசர்களில் மூத்தது எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சாமான், கற்பூரம். 1870-இல் ஹயட் எண்ட அமெரிக்கர் நைத்திரோசெலுலோசோட அதைச் சேர்த்துத்தான் செலுலோயிட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். கோயிலில் கொளுத்துறது அங்க சீப்பும் சினிமாச் சுருளுமாகப் போச்சு.)

1923-இல் அமெரிக்காவின்ர டூபொன்ட் கொம்பனி செலோபேனுக்கு உரிமம் வாங்கி, அடுத்த வருசம் பஃபலோவில் ஆலை திறந்தது. அங்கதான் கிளிசரீனின்ர மறுபக்கம் பெரிசாக வெளிச்சுது. வெறும் செலோபேன் தண்ணித் துளியைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. கேக்கைச் சுத்தினால் காயும், இனிப்பைச் சுத்தினால் கசியும். சங்கிலிகளை விலக்கி வைச்சால் தாள் வளையும், அதே இடைவெளியால் நீராவியும் போகும். ஒண்டு வேணுமெண்டால் மற்றதைக் கொஞ்சம் விடத்தான் வேணும். செலோபேனின்ர முழு வரலாறும் இந்தப் பேரம்தான் எண்டு நான் நினைக்கிறன்.

1927-இல் சார்ச், பிரின்டில் எண்ட இரண்டு பேர் ஒரு வழி கண்டுபிடிச்சவை. நைத்திரோசெலுலோசும் மெழுகும் பிசினும் கலந்த மிக மெல்லிய பூச்சை இரண்டு பக்கமும் பூசுறது. அந்தப் பூச்சும் வெடிக்கக்கூடாது எண்டு அதுக்குள்ளயும் ஒரு பிளாஸ்டிசைசர்! பிறகு என்ன, பாண், பிஸ்கற், சிகரெட், இறைச்சி எல்லாத்துக்கும் செலோபேன். கடைக்காரர் நிறுத்துச் சுத்தித் தாறது போய், கண்ணால் பார்த்து ஆக்களே எடுக்கிற சுப்பர்மார்க்கெட் பழக்கம் வளர்ந்ததில் இந்தத் தாளுக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவில் விற்ற செலோபேனில் முக்கால்வாசி டூபொன்ட்டின்ர எண்டு அரசாங்கம் ஏகபோக வழக்குப் போட்டது. 1956-இல் உச்ச நீதிமன்றம், மெழுகுக் கடுதாசியும் பொலித்தீனும் ஒரே சந்தைதானே எண்டு சொல்லிக் கொம்பனியின்ர பக்கம் தீர்த்தது.

மென்மையாக்கப் போட்ட பொருள் தாளோட இரசாயனப் பிணைப்பால் கட்டுப்பட்டதில்லை. அது மெல்ல மெல்லச் சாப்பாட்டுக்குள்ள இறங்கலாம், முக்கியமாக ஈரமான சாப்பாட்டுக்குள்ள. கிளிசரீன் சாப்பிடக்கூடிய பொருள்தான். ஆனால் மென்மையாக்கிகளாக எதிலீன் கிளைக்கோல்களும் பாவிச்சவை, அதுகள் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியத்தின்ர 2007-ஆம் ஆண்டு விதியில், இந்தக் கிளைக்கோல்கள் ஒரு கிலோ உணவில் 30 மில்லிகிராமுக்கு மேலே இறங்கக்கூடாது எண்டு இருக்குது. கிளைக்கோல் போட்ட தாளில் ஈரச் சாப்பாட்டைச் சுத்தவும் ஏலாது.

இப்ப பொலித்தீனுக்கு மாற்று எண்டு செலுலோசுப் படலங்கள் திரும்பவும் ஆய்வுகூடங்களுக்கு வந்திருக்குது. காபனிருசல்பைட்டு இல்லாமல், தண்ணியில் கரையக்கூடிய மெதில் செலுலோசு மாதிரியான வகைகளில் செய்யினம். ஆனால் பேரம் பழசுதான். கிளிசரீனைக் கூட்டினால் படலம் இழுபடும், பலம் குறையும், நீராவி கூடப் போகும். சோர்பிற்றோலைப் போட்டால் நீராவி குறைவாகப் போகும், ஆனால் கிளிசரீன் போட்டது மாதிரி வளைஞ்சு குடுக்காது.