சுளுக்கும் தொக்கணமும்

பொறியாளர் மர்பியின் பெயரைத் தாங்கிய நம் மர்பி டவுன், முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கியது. 1809ஆம் ஆண்டில் பெங்களூரில் தண்டு அமைந்தபின், பட்டாளத்தோடும் பட்டாளத்தை நம்பியும் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர் இச்சுற்றுவட்டாரத்தில் குடியேறினர். அல்சூர் ஏரியை அடுத்து மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் 1834 முதல் நிலைகொண்டது. அணிவகுப்பும் மண்வேலையும் பாரம் சுமத்தலுமாய் வாழ்ந்த இம்மக்களுக்கு உடல்வலி புதிதன்று. பின்னர்க் கால்பந்தும் சேர்ந்துகொண்டது. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் நம் பெங்களூர் வீரரே. அன்று நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். ஒன்றுக்கு இரண்டு எனத் தோற்றாலும் பெயர் பெற்றே திரும்பினர்.

ஆடிய மறுநாள் படியிறங்க மாட்டாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞனுக்கு வீட்டார் செய்யும் முதல் மருத்துவம் யாது? நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பிடித்து விடுவதே. இது பயன் தருகிறதா, அன்றி ஆறுதல் மட்டுந்தானா என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்பது தகும்.

சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் எனத் தனிச் சிகிச்சையாகவே வகுத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை கூறும். கன்னட நாட்டிலோ, 12ஆம் நூற்றாண்டில் கல்யாணச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம், எண்ணெயிட்டுக் கால் பிடித்தலை அரசனுக்குரிய சுகங்களுள் ஒன்றாக வைத்தது. மருந்தென ஒருவரும் சுகமென மற்றொருவரும் கொண்ட இந்த வேறுபாடு இன்னும் தீர்ந்தபாடில்லை!

மேனாட்டில் இக்கலைக்கு ‘ஸ்வீடிஷ்’ என்று பெயர். 1813ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் நிறுவிய லிங் என்பாருக்கு அப்பெருமையைச் சாற்றுவர். ஆயினும் நீவல், பிசைதல், தட்டல் என்னும் முறைகளை ஒழுங்குபடுத்தி மருத்துவ உலகில் பரப்பியவர் ஆலந்து நாட்டு மருத்துவர் மெட்ஸ்கர். 1894ஆம் ஆண்டில் இலண்டனில் நான்கு செவிலியர் இத்தொழிலுக்கென ஒரு சங்கம் கண்டனர். இன்று பிரிட்டனில் பிசியோதெரபி வல்லுநரின் கழகமாக விளங்குவது அதுவே.

இனி, வலியின் காரணத்தைக் காண்போம். உழைப்பால் தசையில் தேங்கும் லாக்டிக் அமிலமே மறுநாள் வலிக்குக் காரணமென்றும், பிடித்து விட்டால் அது கரைந்தோடும் என்றும் பலரும் நெடுங்காலம் நம்பினர். அமிலமோ ஓய்வெடுத்த ஒருமணி நேர அளவிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும். வலியோ ஒருநாள் முதல் மூன்று நாள் வரை ஓங்கி நிற்கும். அமெரிக்க உடலியலார் ஹஃப் என்பவர், பழகாத உழைப்பால் தசையின் உள்ளே நுண்ணிய கிழிவுகள் ஏற்படுகின்றன என 1902ஆம் ஆண்டிலேயே எழுதினார். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 11 இளைஞர்களைக் களைக்கும்வரை மிதிவண்டிப் பயிற்சி செய்யவைத்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிடம் பிடித்து விட்டு, இரு தொடைகளிலிருந்தும் சிறு தசைத்துணுக்கு எடுத்துப் பார்த்தனர். பிடித்த காலில் அழற்சியின் அறிகுறிகள் குறைந்திருந்தன; அமிலத்தின் அளவிலோ மாற்றமில்லை. பின்னர் 2020ஆம் ஆண்டில் ஷெஃபீல்டு ஆய்வாளர், 1,012 பேரை உள்ளடக்கிய 29 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். ஓட்டம், பாய்ச்சல், வலிமை ஆகியவை மேம்பட்டதற்குச் சான்றில்லை. மறுநாள் வலி சற்றுத் தணிந்தது, உடல் சற்று வளைந்து கொடுத்தது, அவ்வளவே. பாட்டியின் கை பொய்க்கவில்லை; அதன் பயன் இத்துணையதே என்பது நம் கருத்து.

மூட்டுக்கு வருவோம். முழங்கால் தேய்மானத்தால் வருந்திய 222 பேரிடம் அமெரிக்காவில் செய்த சோதனையில், வாரந்தோறும் பிடித்து விட்ட எட்டு வாரங்களில் வலி நன்கு குறைந்தது. ஓராண்டு முடிவிலோ, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோருக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. முதியோருக்குத் தீங்கற்ற ஆறுதல் எனலாம்.

ஆட்டக்களத்து மூட்டு அத்தகையதன்று. நம் பேச்சில் கழுத்துப் பிடிப்பும் சுளுக்கே. கணுக்கால் மடங்கி நரம்போ எலும்போ சிதைந்ததும் சுளுக்கே. தசைநார் என்பதையும் நாம் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். இந்த ஒரு சொல்லால் விளையும் கேடு பெரிது. முன்னதை நீவலாம், பின்னதைச் சுளுக்கெடுப்பதாக இழுத்து உருவினால் கிழிந்த தசைநார் மேலும் கிழியும், வீக்கம் பெருகும். தொடையில் பலத்த அடிபட்டுக் கன்றிய இடத்தை ஓங்கித் தேய்த்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்வதும் உண்டு. எலும்பு முறிந்தோரைச் சித்தூர்ப் பக்கத்துப் புத்தூருக்குக் கட்டுப்போட அழைத்துச் சென்ற நம்மவர், கட்டுவது வேறு, தேய்ப்பது வேறு என்பதை அறிந்தே இருந்தனர்.

ஆகவே அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள் தைலக் குப்பியை எடுக்க வேண்டா. ஓய்வும், குளிர் ஒத்தடமும், இறுக்கமற்ற கட்டும், காலை உயர்த்தி வைத்தலும் போதும். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி வீட்டாருக்கும் எளிது: கணுக்கால் வலியோடு நான்கடி ஊன்றி நடக்க இயலாதாயினும், கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தும்போது வலித்தாலும், அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.