இருபத்தாறு அங்குலம்

என் தங்கை தருமபுரியில் ப்யூட்டி பார்லர் தொடங்கியபோது, மகளிர் குழுவில் வாங்கிய கடனில் பெரிய பங்கு ஒரு கட்டிலுக்கென்று ஒதுக்கியிருந்தாள். ஃபேஷியல், வேக்சிங், எண்ணெய் மசாஜ் எல்லாம் அதன்மேல்தான். சேலத்தில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் மெத்தையை அமுக்கிக் காட்டினார், குப்புறப் படுத்தால் முகம் வைக்கும் ஓட்டையைக் காட்டினார், “கஸ்டமர் அப்படியே தூங்கிடுவாங்க மேடம்” என்றார். படுப்பவரைப் பற்றி இத்தனை சொன்னவர் பக்கத்தில் நின்று வேலை செய்பவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டில் 30 அங்குல உயரம். தங்கை ஐந்தடி. மெத்தைமேல் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திப் பார்த்தாள், தோள் இரண்டும் காதுவரை ஏறின. எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அம்மாவின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா மருத்துவச்சி. பென்னாகரம் பக்கத்துக் கிராமம். ஆண்கள் சவரக்கத்தி பிடித்தால் பெண்கள் பிள்ளைப்பேறு பார்க்கும் சாதி எங்களுடையது. பிரசவம் ஆன வீட்டுக்குப் போய்த் தாய்க்கு எண்ணெய் தேய்த்து, இடுப்பு பிடித்து, வெந்நீர் ஊற்றுவாள். காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால்களுக்கு நடுவில் குழந்தையைக் கிடத்தி உருவிவிடுவாள். எல்லாமே தரையில். கட்டில் இருந்த வீட்டிலும் தரையில்தான். பிரசவ அறை தீட்டு என்பதால் கட்டில் அதற்குள் வராது. வந்தாலும், எங்கள் சாதிக்காரி கை வைத்த கட்டிலில் பிறகு யார் படுப்பது? ஆகவே பெற்றவளுக்குப் பாய், அம்மாவுக்கு வெறும் தரை. அறுப்புக் காலத்தில் தானியம் அளந்து போடுவார்கள், விசேஷத்துக்குப் புடவை கொடுப்பார்கள். முப்பது வருஷம் குனிந்த முதுகு நிமிரவில்லை. வயசானதால் கூன் விழுந்துவிட்டது என்று ஊர் சொல்கிறது. அதே வயசில் எங்கள் தெருவில் நிமிர்ந்து நடக்கும் கிழவிகள் உண்டு.

கட்டில் உயர்ந்த கதையை நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். பிரான்சு நாட்டு மருத்துவர் பிரான்சுவா மோரிசோ 1668இல் வெளியிட்ட பிரசவ நூலில், பெண் படுக்கையில் சாய்ந்து பிள்ளை பெறுவதை ஆதரித்து எழுதினார். அதற்கு முன் உட்கார்ந்தும் குந்தியும் முழங்காலிட்டும் பெற்றவர்களே அதிகம், அவர்கள் காலடியில் மருத்துவச்சி குனிந்து கிடந்தாள். ஆண் மருத்துவர் ஆயுதத்தோடு அறைக்குள் வந்தபோது பெண் மல்லாக்கப் படுக்க வைக்கப்பட்டாள், படுக்கை அவர் கை எட்டும் உயரத்துக்கு ஏறியது. பெற்றவளுக்கு அது வசதியா என்ற கேள்வி வேறு. வேலை செய்பவரின் முதுகை நினைத்துச் செய்த மேசை அது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன். சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கியது. அந்த மேசை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாக எங்கள் பக்கத்துக்கு வந்து சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வந்தபோது அம்மாவின் வேலையில் பாதியை எடுத்துக்கொண்டது. தாய்க்கும் சேய்க்கும் உடம்பு உருவும் மீதிப் பாதி தரையிலேயே கிடந்தது.

போன பாதி வேலையோடு ஒரு பழியும் சேர்ந்துகொண்டது. தருமபுரி என்றால் 1980களிலும் 90களிலும் பெண்சிசுக் கொலை என்றுதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது, 2001இல் எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. அப்போதெல்லாம் மருத்துவச்சியைச் சந்தேகத்தோடு பார்ப்பது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது. கை உடந்தையான மருத்துவச்சிகள் இருந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரதட்சணை கணக்குப் போட்டதும் முடிவு எடுத்ததும் நிலம் வைத்திருந்த வீட்டின் திண்ணையில். உள்ளே கூப்பிடப்பட்டவளுக்கு மறுத்தால் அடுத்த அறுப்பில் தானியம் இல்லை. அம்மா இதைப்பற்றிப் பேச மாட்டாள். கேட்டால் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். எங்களிடம் இப்போது மாடு இல்லை, ஆனாலும் எழுந்து போய்விடுவாள்.

எங்கள் மாவட்டத்துக்கு மசாஜ் புதிதில்லை. ஒகேனக்கல்லுக்குப் போனவர்களுக்கு அந்த எண்ணெய் வாசனை தெரியும். அருவிக்குப் போகும் வழியில் பாட்டிலோடு நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், தேய்த்துக்கொள்வதும் பெரும்பாலும் ஆண்கள். கட்டில் என்று எதுவும் கிடையாது. பாறை, இல்லாவிட்டால் சிமெண்ட் திட்டு. பெயரிலேயே கல் இருக்கிறது, கன்னடத்தில் ‘புகையும் கல்’. திறந்த வெளியில், நாலு பேர் பார்க்க ஓர் ஆண் இன்னோர் ஆணை அடித்துப் பிசைவது சுற்றுலா. தங்கை தன் கடைப் பலகையில் ‘மசாஜ்’ என்று எழுதச் சொன்னபோது, பலகை எழுதுபவரே “வேணாம்மா, போலீஸ் தொந்தரவு வரும்” என்று தடுத்தார். ‘ஹெர்பல் ஃபேஷியல்’ என்று எழுதினார்.

கேரளத்து வைத்தியசாலைகளில் எண்ணெய்த் தோணி இருக்கிறது. ஒரே மரத்தில் குடைந்தது, எண்ணெய் வழிந்து ஓட விளிம்பு உண்டு, இரண்டு பக்கமும் ஆள் நின்று தேய்க்கும் உயரம். களரியில் காலால் உழிபவர் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு தன் எடையைத் தானே அளந்து இறக்குவார். ஆக, தேய்ப்பவர் உடம்பையும் யோசித்துச் செய்த கருவி நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அது ஆசானுக்கும் வைத்தியருக்கும் கிடைத்தது. பிரசவ அறைக்குள் யாரும் கயிறு கட்டித் தரவில்லை.

தங்கையின் கடனுக்கும் ஒரு வரலாறு உண்டு, அதுவும் இங்கேதான் தொடங்கியது. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் முதலில் அமைக்கப்பட்டது 1989இல், தருமபுரி மாவட்டத்தில். ஆடு, கறவை மாடு, பெட்டிக்கடை என்று போன பணம் பிறகு தையலுக்கும் அழகுக்கலைக்கும் போயிற்று. ‘அழகுக்கலை’ என்ற சொல் வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. அடுத்தவர் காலைத் தொடுவதே கேவலம் என்றிருந்த சாதிகளிலிருந்தும் பெண்கள் பெடிக்யூர் கற்க வந்தார்கள். நல்லதுதான். ஆனால் பயிற்சி வகுப்பில் தங்கை தன் அம்மா என்ன வேலை செய்தாள் என்று சொல்லவில்லை. கை எப்படி இத்தனை பழகியிருக்கிறது என்று ஆசிரியை கேட்டதற்கு, “சும்மா வரும் மேடம்” என்றாளாம்.

சேலத்துக் கட்டிலை வாங்கவில்லை. ஊருக்குத் திரும்பி, பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வெல்டிங் பட்டறையில் செய்யக் கொடுத்தோம். அளவை அம்மாதான் எடுத்தாள். தங்கையைச் செருப்போடு நிமிர்ந்து நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, முஷ்டி மடக்கச் சொன்னாள். விரல் முட்டி தரையிலிருந்து 26 அங்குலம். மெத்தையின் மேல்பரப்பு அங்கே வர வேண்டும். அப்போதுதான் கை மடங்காமல் உடம்பு எடையைச் சாய்த்து அழுத்தலாம், இல்லாவிட்டால் எல்லா வேலையும் கட்டைவிரலிலும் தோளிலும் போய் உட்காரும். இதை அம்மா எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. வாழ்நாளில் அவள் நின்று தேய்த்ததே இல்லை.

ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், 16 கேஜ். அகலம் 28 அங்குலம், அதற்கு மேல் போனால் குட்டைப் பெண் எதிர்ப்பக்கத்துக்கு எட்டிக் குனிய வேண்டும். கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் தரையை ஒட்டி வேண்டாம் என்றோம், பாதம் உள்ளே போகாது. தலைமாட்டில் சட்டமே கூடாது, ஃபேஷியல் செய்யும்போது ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் நுழைய வேண்டுமே. பட்டறைக்காரர், “எடை தாங்காதும்மா” என்றார். பலகைக்கு அடியில் இரண்டு சட்டமும், மூலைக்கு மூலை முக்கோணத் தகடும் வைக்கச் சொன்னோம். படுத்திருக்கும் எடை வேறு, அதன்மேல் ஒருத்தி சாய்ந்து அழுத்தும் எடை வேறு. ஆள் ஏறி இறங்கும்போது முதலில் ஓர் ஓரத்தில்தான் உட்காருவார். அதனால் நான் கால்மாட்டு ஓரத்தில் உட்கார்ந்து உடம்பைக் குலுக்கிப் பார்த்தேன். கிறீச் என்று ஒரு சத்தம். மறுபடி வெல்டு வைத்தார். அடியில் கெட்டி ஃபோம், மேலே ஓர் அங்குலம் மெத்து. ரெக்சின் தையல் பக்கவாட்டில், மேலே இருந்தால் எண்ணெய் அதில் இறங்கி ஒரே வருஷத்தில் நாறும்.

2021இல் கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. ஜவுளிக்கடைப் பெண்களின் கால் வீக்கத்தைச் சட்டசபை ஒருவழியாகப் பார்த்தது. குனிகிற முதுகுக்குச் சட்டத்தில் அளவு எதுவும் எழுதவில்லை.

கட்டில் வந்த அன்று அம்மாவைப் படுக்கச் சொன்னோம். மாட்டேன் என்றாள். வற்புறுத்தியதும் ஓரத்தில் உட்கார்ந்தாள், கூன் முதுகோடு மல்லாக்கப் படுக்க முடியவில்லை, ஒருக்களித்துப் படுத்தாள். தங்கை இடுப்பில் எண்ணெய் வைத்து அழுத்தினாள். “முட்டியால இல்லடி, உள்ளங்கையால” என்றாள் அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டே.

இப்போது கடையில் உதவிக்கு ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். ஐந்தடி ஐந்து அங்குலம் இருப்பாள். இரண்டு வாரத்தில் இடுப்பு வலிக்கிறது என்றாள். நாலு காலுக்கும் உள்ளே ஒரு குழாய் விட்டு, துளை போட்டு, ஆணி மாற்றி உயரம் கூட்டலாம் என்கிறார் பட்டறைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.