சென்ட்ரல் பார்க்: வர்க்கமும் பூங்கா உரிமையும்

சென்ட்ரல் பார்க், நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் 843 ஏக்கரில் பரந்திருக்கும் பொதுப் பூங்கா. 1858இல் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வோ இருவரும் தந்த வரைவுத் திட்டப்படி உருவானது. சீமானும் கூலியாளும் ஒரே நிழலில் உலாவ வேண்டும் என்பது ஓம்ஸ்டெட்டின் ஆசை. நுழைவுக் கட்டணமும் வைக்கவில்லை. ஆயினும் முதல் பத்தாண்டில் அது பெரும்பாலும் கோச் வண்டி வைத்திருந்தவர்களின் பூங்காவாகவே இருந்தது.

தூரம் முதல் காரணம். உழைக்கும் மக்கள் தீவின் தென்கோடியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பூங்காவோ 59ஆம் தெருவில்தான் தொடங்கியது. குதிரை டிராமில் ஆளுக்கு 5 சென்ட். ஐந்து பேர் உள்ள குடும்பம் போய்த் திரும்ப அரை டாலர். பூங்காவில் மண் வெட்டிய கூலியாளுக்கே அன்று நாட்கூலி சுமார் ஒரு டாலர்தான்.

அடுத்தது விதிகள். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்தவர்களுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு. பூங்காவின் இசைக் கச்சேரியோ சனிக்கிழமை நடந்தது. ஞாயிறு கச்சேரிக்கு 1880கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புல்லில் கால் வைக்கக் கூடாது. பந்து விளையாட வரும் சிறுவன் பள்ளித் தலைமையாசிரியரின் கடிதம் கொண்டுவர வேண்டும். வியாபார வண்டிகளுக்கும் தடை. இறைச்சி வண்டி ஒன்றே சொந்தமாக வைத்திருந்த கசாப்புக் கடைக்காரர் மனைவி மக்களை அதில் ஏற்றிக்கொண்டு உள்ளே போக முடியாது. பீரும் நடனமுமாகப் பொழுதைக் கழிக்க விரும்பிய ஜெர்மானிய, ஐரிஷ் தொழிலாளர்கள் கிழக்கு ஆற்றங்கரையில் ஜோன்ஸ் வுட் என்ற தோப்பை நாடினார்கள்.

பூங்காவுக்காக நிலம் இழந்தவர்களின் கதை இதற்கும் முந்தியது. 82 முதல் 89ஆம் தெரு வரை செனகா வில்லேஜ் என்ற ஊர் இருந்தது. 1825 முதல் கறுப்பின மக்கள் அங்கே மனை வாங்கிக் குடியேறினர். பின்னர் ஐரிஷ் குடும்பங்களும் சேர்ந்தன. 1855இல் சுமார் 225 பேர், மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளி. கறுப்பின ஆண் வாக்களிக்க 250 டாலர் பெறுமான சொத்து வேண்டும் என்றது அன்றைய மாநிலச் சட்டம். ஆகவே அந்த மனைகள் வாக்குரிமைக்கும் வழியாயின. 1857இல் அரசு இழப்பீடு கொடுத்து எல்லோரையும் வெளியேற்றியது. அவர்களைப் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் என்று பத்திரிகைகள் ஏளனம் செய்தன. 2011 அகழாய்வில் அந்த மண்ணிலிருந்து கிடைத்தவற்றுள் இரும்புத் தேநீர்க் கெண்டியும், சீனப் பீங்கான் துண்டுகளும், தோல் அடி வைத்த சிறிய காலணி ஒன்றும் அடங்கும்.